கடலைத்தோல் லாரியில் சென்னிமலைக்கு

கோவை காந்திபுரத்தில் அன்னூர் பஸ் ஏறியபோது காலை ஆறரை மணி. இரவெல்லாம் பெய்த ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் சிறிய அரிசி ஆலை நடத்துகிறவன். எங்கள் ஆலையில் உமியை அப்படியே அள்ளிப் போட்டு எரிப்போம். பாதி எரியும், பாதி பறக்கும். கோவைப் பக்கம் கடலைத்தோலை இறுக்கி, விறகுக்கட்டை போலாக்கி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரில் அதை யாரும் கண்டதில்லை.

முப்பது கிலோமீட்டரில் அன்னூர். அங்கிருந்து மண்சாலையில் சிறிது தூரம் நடந்தால் சரஸ்வதி அம்மாளின் தகரக் கொட்டகை. நாற்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இயந்திரத்தருகே நின்றவர், என்னைக் கண்டதும் கையைத் துடைத்தபடி வந்தார்.

"வாங்க, வாங்க. கடுதாசி போட்ட தஞ்சாவூர்க்காரருங்களா? நல்ல நாள் பாத்து வந்தீங்க போங்க. இன்னைக்கு எங்களுக்குப் பரீட்சைங்க."

சென்னிமலையில் ஒரு நூல் சாயப்பட்டறை. அதன் முதலாளி, ஒரு நாள் மட்டும் தன் பாய்லரில் இந்தக் கட்டைகளை எரித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார். நீராவி குறையாமல் நின்றால் தொடர்ந்து வாங்குவார்.

"இதுக்கு முன்னால ரெண்டு பேரு வேண்டாம்னுட்டாங்க. மெஷின் வாங்கறப்பவே ஊட்டுல ஒருத்தருக்கும் இஷ்டமில்லைங்க. இவரும் கைவிரிச்சா நிறுத்திப்போட வேண்டியதுதான்" என்றார் சரஸ்வதி அம்மாள். சொன்ன குரலில் கலக்கம் இல்லை.

இயந்திரத்தின் வாயில் கடலைத்தோலையும் பொடித்த பருத்திமாரையும், அதாவது காய்ந்த பருத்திச் செடித் தண்டுகளையும், கொட்டுகிறார்கள். உள்ளே ஓர் இரும்பு உலக்கை விடாமல் இடிக்கிறது. பசை எதுவும் கிடையாது. அழுத்தத்தில் எழும் சூட்டிலேயே தூள் ஒட்டிக்கொண்டு, மறுமுனையில் முழங்கைத் தடிமனில் உருளையாகப் புகைந்தபடி வெளியே வருகிறது. ஒன்றை எடுத்துத் தரையில் தட்டினேன். மரக்கட்டை போலவே ஓசை கேட்டது.

லோடு முடியும் தறுவாயில் படாரென்று ஒரு சத்தம். ஒழுகிய கூரைக்கடியில் நனைந்திருந்த தோல் உள்ளே போய், நீராவி வெடித்துவிட்டது. அதன்பின் வந்த கட்டைகள் கையில் எடுத்ததும் உதிர்ந்தன. கோவை உக்கடத்திலிருந்து லாரி ஓட்டி வந்திருந்த காதர் பாய் எட்டிப் பார்த்தார்.

"அம்மணி, இதையும் அடியில போட்டு ஏத்திப்போடட்டுங்களா? ஆருக்குத் தெரியப் போகுது?"

"ஆருக்கும் தெரியாதுங்க பாய். பாய்லருக்குத் தெரியுமுங்களே!"

உதிர்ந்ததை ஒதுக்கிவிட்டு, குறைந்த லோடோடு புறப்பட்டோம். ஓட்டுநர் அறையில் மூன்று பேர். அவிநாசியில் ஒரு டீ. பெருந்துறையை நெருங்கும்போது தூறல் விழ, சரஸ்வதி அம்மாள் லாரியை நிறுத்தச் சொல்லி, தானே இறங்கித் தார்ப்பாயின் கயிறுகளை இழுத்துக் கட்டினார். எழுபது கிலோமீட்டர் சொச்சம் ஓடி, பன்னிரண்டு மணிக்குப் பட்டறை வாசலில் நின்றோம்.

பாய்லர் பார்க்கும் பழனிச்சாமி கட்டையை முகர்ந்து பார்த்தார். "ஏனுங்க, கடலைத்தோலு விறகாட்டம் நின்னு எரியுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே, விறகை அடுக்குவதுபோல் நெருக்கமாக அடுக்கித் தள்ளினார். சற்று நேரத்தில் கரும்புகை சூழ்ந்தது. அழுத்தமானியின் முள் இறங்க ஆரம்பித்தது. உள்ளே சாயத்தொட்டிகளில் நூல் முங்கிக் கிடக்கிறது. சூடு குறைந்தால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும். முதலாளி ஓடி வந்தார்.

"போதும், விறகையே போடு பழனிச்சாமி!"

"கால் மணி நேரம் குடுங்க. அப்பறம் நீங்க சொல்றதே சரிங்க" என்றார் சரஸ்வதி அம்மாள். பழனிச்சாமியிடம் திரும்பி, "அண்ணா, மூச்சு விட இடமில்லைங்க அதுக்கு. பாதியை இழுத்துப்போடுங்க" என்றார்.

பழனிச்சாமி நீளக் கம்பியால் இழுக்க, சரஸ்வதி அம்மாள் குனிந்து புதுக்கட்டைகளை முழங்காலில் வைத்து ஒடித்தார். நானும் காதர் பாயும் சேர்ந்துகொண்டோம். துண்டுகளை இடைவெளி விட்டுப் பரப்பியதும் புகை வெளுத்தது. உள்ளே மஞ்சளாகத் தீ எழுந்தது. முள் ஒரு நடுங்கு நடுங்கி நின்றது, பிறகு ஏறியது.

"ஏறுதுங்க அம்மணி!" என்று கத்தியவர் பழனிச்சாமிதான்.

சாயங்காலம் வேலை முடியும்வரை அது இறங்கவே இல்லை. முதலாளி கடைசியாகப் பிழிந்த நூலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு வந்தார். "திங்கக்கிழமையிலிருந்து தினம் ஒரு லோடு அனுப்பிச்சுருங்க."

"தினம் முடியாதுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். முடியாததைச் சொல்லிப்போட்டு உங்க பாய்லரைப் பட்டினி போட மாட்டேன்."

முதலாளி சிரித்தார். "செரி, அப்படியே ஆகட்டுங்க."

நான் காங்கேயம் பஸ்சுக்காகச் சாலையோரம் நின்றபோது, வழியனுப்ப வந்த சரஸ்வதி அம்மாள் முகத்திலும் என் வேட்டியிலும் ஒரே கரி. "உங்க உமி நல்லாக் காஞ்சு இருக்குமுங்களா? ஒரு லோடு கொண்டாங்க, மெஷின்ல அடிச்சுப் பாத்துப்போடலாம்" என்றார்.

எங்கள் ஊரில் புதிதாக ஒன்று வந்தால், "வேறு யார் வாங்கியிருக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்போம். இங்கே, "கொண்டு வா, பார்க்கலாம்" என்கிறார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம். மழையும் நெருப்பும் எல்லா ஊருக்கும் பொதுதானே. காங்கேயத்தில் மாறி ஏறிய பஸ் கரூரைத் தொடுவதற்குள், எந்த லாரிக்காரரிடம் பேசுவது, எந்தக் களத்தில் உமியைக் காயவைப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.