விக்கிரவாண்டியைத் தாண்டி வந்த வசனம்

இன்று திண்டிவனத்தில் ஏறிய பேருந்தில் ஓர் அடிதடிப் படத்தின் மூன்றாம் பாகம் ஓடியது. வில்லனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்றவர், டிவி காமெடித் தொடரில் பல வருடம் நம்மைச் சிரிக்க வைத்த அதே நடிகர்.

அவர் எப்போது வாய் திறப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், நான் இறங்க வேண்டிய விக்கிரவாண்டி போய்விட்டது.

விழுப்புரம் நெருங்கும்போது பேசினார்: "எஸ் பாஸ்."

உடனே அவரைச் சுட்டுவிட்டார்கள்.

"பேசியே பேர் வாங்கின ஆளுக்கு இவ்ளோதான் டயலாக்கா?" என்றேன்.

நடத்துனர் சிரித்தார். "இன்னா பெரியவரே, அவரு போன பார்ட்லயே செத்துட்டாருங்க. இது அவரு தம்பி. ட்வின்ஸு!"

த்தூ! ஒரு மனிதனை இரண்டு முறை கொல்லத் தெரிகிறது, அவனுக்கு ஒரு முழு வசனம் எழுதத் தெரியவில்லை.

நான்காம் பாகத்தில் இன்னொரு தம்பி வந்தால் யாராவது முன்கூட்டியே சொல்லுங்கள். ஒழுங்காக விக்கிரவாண்டியிலேயே இறங்கிக்கொள்கிறேன்.