அரைப் பேர் கொம்பனி

பதுளை பஸார் வீதியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மிப்ரானுக்குப் பாட்டும் வராது, கிட்டாரும் வராது. ஆனாலும் ஊவா மாகாணத்தில் பங்க் ரொக் பாட்டு வெளியிடும் கொம்பனி அவருடையதுதான். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் போட்ட சத்தத்தை எந்த ஸ்டூடியோவும் சேர்க்கவில்லை. "சத்தத்துக்கு என்ன குறை?" என்று இவர் சேர்த்துக்கொண்டார். கொம்பனிக்கு 'அரைப் பேர்' என்று பெயர் வைத்தது பாடகி விஜயலெட்சுமி. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் கூலி.

மூன்று வருடமாகப் பாட்டுகள் வந்தன. கேட்டதெல்லாம் பதுளைக்காரர்கள், அதிலும் பாதி திட்டுவதற்கு. "இந்த இரைச்சலுக்கு ஒரு கொம்பனியா?" என்று மனைவி பலீலா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

பிறகு 'பெரட்டு' வந்தது. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூடும்போது கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவாரே, அதுபோல விஜயலெட்சுமி தொண்டை கிழியக் கத்தும் பாட்டு. பதிவு அவள் வீட்டிலேயே நடந்தது. தாயின் பேரை, "பவளக்கொடி!" என்று அவள் கத்தியதும், அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பவளக்கொடி பழக்கதோஷத்தில், "வந்துட்டேங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். அதுவும் பதிந்துவிட்டது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

"அத எடுத்துருங்க தம்பி, வெக்கமா இருக்கு" என்றார் பவளக்கொடி மிப்ரானிடம். மகள் விடவில்லை. பாட்டு அப்படியே வெளிவந்தது.

கொழும்புக் கொம்பனி ஒன்று அதைக் கேட்டது. எடுத்துக்கொள்கிறோம், அந்த அடுப்படிக் குரலை மட்டும் வெட்டுங்கள் என்றார்கள். மிப்ரானுக்குக் கால் தரையில் பாவவில்லை. இதை விட்டால் அவர் பாட்டு பதுளையைத் தாண்டப்போவதில்லை.

"அம்மாகிட்ட கேளுங்க நானா" என்றாள் விஜயலெட்சுமி.

கேட்க என்ன இருக்கிறது, வெட்டச் சொன்னதே அவர்தானே? மிப்ரான் வெட்டிய பாட்டோடு லயத்துக்குப் போய் போனில் போட்டார். மகள் தாயின் பேரைக் கத்தினாள். பதில் இல்லை. அடுத்த பேர் வந்தது.

"என்ன தம்பி, என் பேர தாண்டிப் போயிருச்சு?"

"நீங்கதானேம்மா எடுக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். இப்புடி ஆகும்னு தெரியலையே. கூப்புட்டு ஆளு பேசலன்னா வேலைக்கு வரலன்னுல்ல அர்த்தம்? காச்சலோடயும் போயி நின்னவ தம்பி நானு."

மறுநாள் மிப்ரான் கொழும்புக்குப் பேசினார்.

"அந்தம்மா வேலைக்கு வந்திருக்காங்க. வெட்ட ஏலாது."

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, போனை வைத்துவிட்டார்கள். பாட்டு இன்னும் பதுளையில்தான் இருக்கிறது.