ஊசிக்கு முன்னால் குடித்த தண்ணீர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். மேடு ஏறினால் நெஞ்சு இறுகியது. இதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கக் கொச்சிக்கு அனுப்பினார்கள். கதிர் வீசும் மருந்தை ஊசியில் ஏற்றி இரண்டு படம் எடுப்பார்களாம். இதயம் சும்மா இருக்கும்போது ஒன்று, அதை வேலை வாங்கும்போது ஒன்று. முட்டிவலியால் என்னால் உருளும் பெல்ட்டில் ஓட முடியாது. ஓட்டத்துக்குப் பதிலாக வேறொரு மருந்து. முந்தின நாளிலிருந்து டீ, காபி கூடாது என்றார்கள். நானும் தொடவில்லை.

முதல் ஊசி போட்டதும் தனி அறையில் உட்கார வைத்தார்கள். கனமான கதவு, சன்னல் கிடையாது. மனைவி உள்ளே வரக்கூடாது. எதிரில் சித்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், அவரும் ஊசி போட்டுக்கொண்டவர்.

"ஏனுங்க, டீ இல்லாம எனக்குத் தலை வெடிக்குதுங்க. உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியல. வெறும் தண்ணிதான் குடிச்சேன், வீட்டுல தூள் போட்டுக் கொதிக்க வச்சது."

"என்ன தூளுங்க?"

"தேயிலத்தூளுதான்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட சாமி! அது டீ இல்லாம மோருங்களா?"

எங்கள் லயத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளில், குடிதண்ணீரே அப்படித்தான். பாலும் சீனியும் சேர்ந்தால்தான் டீ என்போம்.

அவர் சிரிப்பு நின்றது. "சொல்லிப்போடுங்க. டீ உள்ள இருந்தா அந்த ரெண்டாவது மருந்து சரியா வேலை செய்யாதாமுங்க. அடைப்பு இருந்தாலும் எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி படம் காட்டிப்போடுமாம்."

அதற்குள் என்னைக் கூப்பிட்டார்கள். ஒடுக்கமான பலகையில் படுக்க வைத்துக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தார்கள். கேமராத் தட்டு நெஞ்சை ஒட்டி வந்து நின்றது.

"சிஸ்டர்…"

"சேட்டா, அனங்கண்டா! அசையக் கூடாது, பேசவும் கூடாது," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

தட்டு மெல்ல நகர்ந்தது. மூக்கு அரித்தது. சொன்னால் எல்லோர் முன்னாலும் ஏச்சு, வந்ததும் வீண். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று மலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏதாவது ஒரு மேட்டில் விழுந்து கிடப்பேன். எழுந்து ஓடவும் முடியாது, வாய் திறக்கவும் முடியாது.

படம் முடிந்து, அடுத்த மருந்தோடு சிஸ்டர் வந்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

"பேடிக்கண்டா சேட்டா, சின்ன ஊசிதான்."

"பயமில்ல. தண்ணி குடிச்சேன்."

"தண்ணி குடிக்கலாமே!"

"அதுல தேயில கெடந்துச்சு."

அவர் ஊசியை மூடி வைத்தார். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். வெளியே மனைவி, "பச்சத் தண்ணிய நம்ம லயத்துல யாரு குடிக்கா? மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று என்னையே ஏசினாள்.

அடுத்த முறை வெறும் தண்ணீரோடு போனேன். மருந்து ஏறியதும் மூச்சு முட்டியது. அந்தப் படத்தில் ஓரிடத்துக்கு ரத்தம் போகவில்லை. நாளைக்குக் கை நரம்பு வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அடைப்பை அப்போதே எடுப்பார்களா, நெஞ்சைத் திறப்பார்களா, தெரியாது. இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்காதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஐப்பசி எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.