அது பிசிறு இல்லை

விரல்தான் முதலில் கண்டுகொண்டது. பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

காலையில் பட்டறையைத் திறந்ததும், முந்தின நாள் மேசையிலேயே விட்டுப்போன எலும்பு மாதிரியை எடுத்து அலமாரியில் வைக்கப் போனாள் பாலீஷ் அக்கா. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு அது. யாரோ ஒருவருடைய வலது தோளின் குழி. ஸ்கேன் படத்தை வைத்து இயந்திரம் மேடு பள்ளம் மாறாமல் செய்து கொடுத்தது. வைக்கும் முன் வழக்கம்போல அதன் விளிம்பை ஆள்காட்டி விரலால் ஒரு சுற்று தடவினாள். பின்பக்கம், எலும்பு தேய்ந்து சரியும் இடத்தில், விரல் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றது. ஒரு மிளகு உட்காரும் அளவு பள்ளம்.

விரலை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

நேற்று சாயந்திரம் அதே அளவில் ஒரு மேட்டை அவள் அரத்தால் ராவித் தள்ளியிருந்தாள்.

அவள் வேலை பார்த்த இடத்தைப் பட்டறை என்று அவள்தான் சொல்லுவாள்; மற்றவர்களுக்கு அது பிளாஸ்டிக் ரூம். ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில், சலவை அறையை ஒட்டி, உயரத்தில் ஜன்னல் வைத்த ஒரு நீள அறை. ஒரு மூலையில், பிளாஸ்டிக்கில் பொருளையே அச்சடித்துக் கொடுக்கும் இயந்திரம். பக்கத்தில் கழுவும் தொட்டி. ஜன்னலடியில் அவளுடைய மேசை, விளக்கு, அரங்கள், உப்புத்தாள். தோள் மூட்டு தேய்ந்துபோனவர்களுக்குப் புது மூட்டு வைக்கும்போது, குழியின் நடுவில் முதலில் ஒரு கம்பியை இறக்குவார்கள். மற்ற வேலையெல்லாம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான். கம்பி சாய்ந்தால் மூட்டும் சாயும். கொஞ்ச நாளில் ஆட்டம் காணும். ஆனால் கிழித்த தோளுக்குள் டாக்டருக்கு எலும்பின் ஒரு ஓரம்தான் கண்ணில் படும். அதனால் அந்த ஆளின் எலும்புக்கென்றே ஒரு கைடு செய்வார்கள். நாலு கால், நடுவில் ஒரு குழாய். எலும்பின் மேல் வைத்தால் நாலு காலும் தன் தன் இடத்தைத் தேடி உட்கார வேண்டும். குழாய் வழியே கம்பி நேராக இறங்கும். பல்செட்டு மாதிரிதான், ஒருவருடையது இன்னொருவருக்கு ஆகாது.

இயந்திரத்திலிருந்து வரும் கைடில் முட்டுக் கொடுத்த குச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நறுக்கி, வெளிப்பக்கத்தை வழவழப்பாக்குவது அவள் பொறுப்பு; பாலீஷ் அக்கா என்ற பெயர் வந்ததும் அதனால்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், சீப்புக் கம்பெனியில் பல்லுக்குப் பல் பிசிறு எடுத்தே வளர்ந்தாள். கம்பெனி மூடியதும் ரொம்ப நாள் சும்மா கிடந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தாள். விரலுக்குப் பிசிறு தட்டினால் கை தானாக அரத்தைத் தேடும். வீட்டில் டப்பா மூடி, நாற்காலிக் கால், கதவுத் தாழ்ப்பாள், எதிலும் ஒரு கூர் கிடையாது. பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், “ராத்திரி என் பக்கம் திரும்பிப் படுக்காதே, மூக்கை ராவிடுவே” என்பான்.

கைடுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிற டிசைனர், அவள் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தான். “அக்கா, வெளிப்பக்கம் உங்க இஷ்டம். உள்பக்கம் எலும்பு மேல உட்கார்ற இடம். அங்க மட்டும் அரம் படவே கூடாது.” அவளும் படவிட்டதில்லை. நேற்றும் டிசைனர் கைடை மாதிரியின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்து, சரி என்று கொடுத்துவிட்டுத்தான் போனான். பொட்டலம் கட்டும்போது பின்கால் ஓரத்தில் குருத்து மாதிரி ஏதோ விரலில் தட்டியது. வெளிப்பக்கமும் உள்பக்கமும் சந்திக்கும் விளிம்பு. முட்டுக்குச்சியின் மிச்சம் என்று நினைத்தாள். நினைத்தாளா, கைதான் முந்திக்கொண்டதா, இப்போது யோசித்தால் அவளுக்கே தெரியவில்லை. இரண்டு இழுப்பு. வழவழவென்று ஆனது. திருப்தியோடு மூடிக் கொடுத்தாள்.

அது பிசிறு இல்லை. அந்த ஆளுடைய எலும்பில் இருந்த பள்ளத்துக்கு இயந்திரம் செய்து வைத்த மேடு.

சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். இன்றைக்கு முதல் ஆபரேஷன், வலது தோள். கைடு நேற்றே ஆவி இயந்திரத்துக்குள் போய், கிருமி நீக்கி, இந்நேரம் தியேட்டரில் இருக்கும்.

டிசைனருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருப்பான். தியேட்டர் எண் சுவரில் இருந்தது. போன் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் தீர்ந்தால்கூடப் புருஷன் வந்துதான் பேச வேண்டும். இருந்தும் அழுத்தினாள். யாரும் எடுக்கவில்லை.

கையிலிருந்த மாதிரியைப் பார்த்தாள். அலமாரியில் மற்ற தோள்களோடு இதையும் வைத்துவிட்டால் முடிந்தது. டிசைனர் பார்த்தபோது கைடு சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது அவளுக்கும் அரத்துக்கும் மட்டுமே தெரியும். அந்த ஆளுக்கு என்றைக்கோ ஒருநாள் மூட்டு ஆட்டம் கண்டால், வயசு என்பார்கள், எலும்பு பலமில்லை என்பார்கள். அரத்தை யார் நினைக்கப் போகிறார்கள்? மானேஜர் போன வாரம்தான் யாரையோ சாக்கிட்டு இவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்த வேலைக்கு ஆள் வேணும்னா தெருவுக்குத் தெரு கிடைப்பாங்க.”

மாதிரியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். லிப்டு மேலே எங்கேயோ நின்றுகொண்டு இறங்குவேனா என்றது. படியில் ஏறினாள்.

தியேட்டர் வாசலில் ஒரு ஸ்ட்ரெச்சர் நின்றது. அதில் பச்சை அங்கியும் தலையில் தொப்பியுமாக, மெலிந்த ஓர் ஆள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கதவருகே சிஸ்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர்…”

குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

“யாரும்மா? இங்கெல்லாம் நிக்கக் கூடாது. சலவையா?”

“இல்ல சிஸ்டர். பிளாஸ்டிக் ரூம். டாக்டரைப் பார்க்கணும்.”

“டாக்டர் கை கழுவ ஆரம்பிச்சிட்டாரு. இனி அவரைப் பெத்தவங்க வந்தாலும் பார்க்க மாட்டாரு. அப்புறம் வா.”

அப்புறம் என்ற வார்த்தை அவளுக்கு எவ்வளவு இதமாக இருந்தது! சொல்லிப் பார்த்தேன், விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். திரும்பிப் போய்விடலாம். கால் அரை அடி பின்வாங்கியும் விட்டது.

“சிஸ்டர், அந்தம்மா என்னன்னு கேளுங்க,” என்றார் ஸ்ட்ரெச்சரில் இருந்தவர். “மூஞ்சி வெள்ளை அடிச்ச சுவரு மாதிரி இருக்கு. நான் பெயிண்டரு, எனக்குத் தெரியும்.”

“நீங்க பேசாம படுங்க.”

“முதல் ஆபரேஷனோட கைடு,” என்றாள் பாலீஷ் அக்கா. இந்த முறை குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. “வலது தோளு. அது சரியில்ல. நான் தப்பா ராவிட்டேன்.”

சிஸ்டரின் பேனா நின்றது. பெயிண்டர் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

“வலது தோளா? அது நான்தானே!”

சிஸ்டர் உள்ளே ஓடினார். வந்தது டாக்டர். முழங்கை வரை ஈரம், இரண்டு கையும் மார்புக்கு முன்னால் தூக்கியபடி. எதையும் தொடக் கூடாது என்பதால் தள்ளி நின்றே என்னவென்று கேட்டார். அவள் முந்தானையை அவிழ்த்து மாதிரியைக் காட்டினாள். பள்ளத்தைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள்.

“எவ்வளவு எடுத்தீங்க?”

“மேடு முழுசா போச்சு சார். சுத்தியும் கொஞ்சம்.”

“கைடு சீல் வச்ச பாக்கெட்டுல இருக்கு. பிரிச்சுப் பார்த்தா இன்னிக்கு அதை உபயோகிக்க முடியாது. இவரு நேத்துலேர்ந்து பட்டினி. உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? இல்ல சும்மா பயமா?”

பயம் என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய்யில்லை.

“நிச்சயமாத் தெரியும் சார். ராவினது நான்.”

டாக்டர் தலையசைக்க, சிஸ்டர் உள்ளேயிருந்து பொட்டலத்தை எடுத்து வந்தார். பொட்டலம் கிழியும் சத்தம் அவளுக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது.

சிஸ்டர் மாதிரியைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் கைடை எடுத்து அதன் மேல் வைத்தார். உட்கார்ந்தது. நன்றாகவே உட்கார்ந்த மாதிரி இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். டாக்டர் முன்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்றும் இல்லை. பின்காலை அழுத்தினார். எதிர்க்கால் மெல்ல எழும்பியது. ஒரு தாளை நுழைக்கலாம். குழாயில் கம்பியை விட்டார். கம்பி பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“உள்ளே ரத்தமும் சதையுமா இருக்கும்போது இந்த ஆட்டம் எனக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார் டாக்டர். “இதை நம்பித்தான் இறக்கியிருப்பேன்.” பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. “அரத்தை எடுக்கும்போது இந்த யோசனை வந்திருக்கணும். புதுசு செய்யச் சொல்லுங்க. நாளைக்கு வச்சுக்கலாம்.”

அவர் உள்ளே போவதற்குள் பெயிண்டரின் மனைவிக்குச் செய்தி போய்விட்டது. காத்திருப்பு அறையிலிருந்து செருப்புச் சத்தம் முதலில் வந்தது, அவள் பின்னால் வந்தாள்.

“நாளைக்கா? இந்த மனுஷன் பச்சைத் தண்ணி பல்லுல படாம கிடக்கறாரு! யாரு செஞ்ச வேலை இது? அந்தக் கையைக் கொண்டா, நான் ராவறேன்!”

“நான்தாம்மா,” என்றாள் பாலீஷ் அக்கா.

பெயிண்டரின் மனைவி இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்காக இழுத்த மூச்சு அப்படியே நின்றது. பிறகு அதே வேகத்தில் வந்தது. “கண்ணு எங்க வச்சிருந்தே? மனுஷன் உடம்புன்னா உனக்கு விளையாட்டா?”

பாலீஷ் அக்கா நின்று கேட்டுக்கொண்டாள்.

“விடுடி,” என்றார் பெயிண்டர். “நானும்தான் ஒரு வீட்டுல, பெயிண்ட் அடிக்க இடைஞ்சலா இருக்குன்னு ஒரு ஆணியைப் பிடுங்கிப் போட்டேன். மறுநாள் போனா, அந்த ஆணியிலதான் கண்ணாடியை மாட்டணுமாம், வேற எந்த இடமும் ஆகாதாம். அந்த வீட்டம்மா என்னைப் பேசின பேச்சு! நான் இந்த அக்கா மாதிரி ஒத்துக்கவா செஞ்சேன்? ஆணியே இல்லன்னு சாதிச்சேன்.” இடது கையை நீட்டினார். “அதைக் காட்டுங்க. என் எலும்பா இது?”

அவள் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் இப்படிக் கோணலா இருக்கு?”

“மூஞ்சி மாதிரியேதான் இருக்கு,” என்றாள் மனைவி கோபம் ஆறாமலேயே. பிறகு ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாலீஷ் அக்காவுக்குத் தெரிந்தது.

பட்டறைக்கு வந்தபோது டிசைனர் வந்திருந்தான். மானேஜர் அறையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த முகம். “தலைபாடா அடிச்சுக்கிட்டேனேக்கா, உள்பக்கம் வேண்டாம்னு,” என்றான். அதற்கு மேல் பேசாமல் இயந்திரத்தை ஓடவிட்டான். மானேஜர் வாசலில் நின்றபடியே சொன்னார்: “அந்த ஆபரேஷன் முடியட்டும். அப்புறம் உன் விஷயத்தைப் பேசலாம்.”

புதுக் கைடு வந்தது. முட்டு நறுக்க அவளைவிட்டால் அன்றைக்கு வேறு ஆள் இல்லை. டிசைனர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கையையே பார்த்தபடி உட்கார்ந்தான். அவள் அரத்தை எடுக்கவில்லை. முதலில் சிவப்பு டேப்பை நறுக்கி, நாலு காலின் உள்பக்கத்திலும் விளிம்போடு சேர்த்து ஒட்டினாள். பின்காலில் டேப்புக்கு அடியிலிருந்து அந்த மேடு முட்டிக்கொண்டு நின்றது. விரல் அதன் மேல் போனது. போனதும் கை அரிக்கத்தான் செய்தது. இத்தனை வருஷப் பழக்கம் ஒரே காலையில் போய்விடுமா? விரலை எடுத்து மடியில் துடைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்தை மட்டும் ராவினாள். டேப்பை உரித்து, கழுவி, மாதிரியின் மேல் வைத்தார்கள். ‘டக்’கென்று உட்கார்ந்தது. டிசைனர் ஆட்டினான். மாற்றி மாற்றி ஆட்டினான். அசையவில்லை.

“பொட்டலம் நான் கட்டறேன்,” என்றான்.

அவள் சரி என்றாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னபோது அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். “வேலை போயிடுமா?”

“தெரியல.”

“அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலயே?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

அன்றைக்கு மூக்கைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் உட்காரவே இல்லை. துடைத்த மேசையைத் துடைத்தாள். அரங்களை அளவு வாரியாக அடுக்கினாள், கலைத்தாள். டிசைனர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாலும் எதையும் வரையவில்லை. பட்டறைப் போன் அடித்தபோது அவன் தொட்டியில் கை நனைத்துக்கொண்டிருந்தான். “எடுங்கக்கா!”

எடுத்தாள்.

“பிளாஸ்டிக் ரூமா?” சிஸ்டரின் குரல். “டாக்டர் சொல்லச் சொன்னாரு. அப்படியே உட்கார்ந்துச்சாம். கம்பி நேரா இறங்கி, மூட்டும் வச்சாச்சு. தையல் போடறாங்க… ஹலோ? இருக்கியாம்மா?”

“இருக்கேன் சிஸ்டர்.”

“அந்தப் பெயிண்டர் மயக்க மருந்து ஏறும்போதுகூட, கண்ணாடியை மாட்டிட்டாங்களான்னு கேட்டுட்டே இருந்தாரு. என்ன கண்ணாடியோ!” வைத்துவிட்டார்.

“உட்கார்ந்துடுச்சாம் தம்பி,” என்று அவள் போனை வைத்தாள்.

பிறகு மானேஜர் கூப்பிட்டார். வேலை போகவில்லை. ஆனால் மறு உத்தரவு வரும் வரை அவள் அரத்தைத் தொடக் கூடாது. கழுவும் வேலை மட்டும். இனி எந்தக் கைடு வந்தாலும் உள்பக்கம் சிவப்பு டேப் ஒட்டாமல் யாரும் கை வைக்கக் கூடாது. அது யார் யோசனை என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்து, தொட்டியில் தண்ணீரைத் திறந்தாள்.

தொட்டியின் தகர விளிம்பைத் துடைக்கும்போது விரலில் ஏதோ சுருக்கென்று தட்டியது. கையை எடுத்துப் பார்த்தாள். குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.

“தம்பி, இங்க கொஞ்சம் வாயேன். இது பிசிறுதானே?”

டிசைனர் வந்து பார்த்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் முகம் இளகியது.

“சத்தியமா பிசிறுதான்க்கா.”

“ராவிடலாமா?”

“அரத்தைத் தொடக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னாரு!”

“நான் எங்க தொடறேன்? நீ ராவு. நான் காட்டறேன்.”