டிரைவருக்குப் புரிந்தால்தான் பேனா

எங்கள் பஸ்ஸில் குறுக்கெழுத்துக் கட்டங்களை முதலில் பென்சிலால்தான் நிரப்புவார்கள். விடையைக் கண்டுபிடித்தவர் எழுந்து முன்னால் வந்து, எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்று, அந்த விடை எப்படி வந்தது என்று டிரைவருக்கு விளக்க வேண்டும். டிரைவர் புரிந்தது என்று தலையாட்டினால்தான் பேனாவால் எழுதலாம். அவர் தலையாட்டாவிட்டால், விடை எவ்வளவு சரியாக இருந்தாலும் பென்சிலோடு நிற்கும்.

எழுபதுகளின் நடுவில், கல்பாக்கத்தில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். செங்கல்பட்டிலிருந்து காலையில் ஸ்டாஃப் பஸ் கிளம்பும். திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீ, பிறகு புதுப்பட்டினம், பிறகு வேலை. எனக்கு ஊர் கருங்குழி. பள்ளி இறுதி வரை படித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்திருந்தேன். ஸ்டோர்ஸில் தற்காலிகமாக டைப் அடிக்க எடுத்திருந்தார்கள். செங்கல்பட்டில் அக்கா வீட்டில் தங்கிப் போய் வந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் பஸ்ஸில் திருவிழா. அன்று ஒரு வாரப் பத்திரிகை வரும். அதில் வந்த குறுக்கெழுத்து, அர்த்தத்தை நேராகக் கேட்கிற வகை இல்லை. ஒவ்வொரு குறிப்பும் ஏதோ கதை சொல்வது போல இருக்கும். அதற்குள் விடை பிய்ந்து கிடக்கும். பக்கத்தில் எத்தனை கட்டம் என்று ஓர் எண் மட்டும் போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு ஒன்று: ‘வால் அறுந்த கடலும் தலை போன அலையும் சேர்ந்தால் கொறிக்கலாம் (3)’. கடல் என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் கட. அலையின் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் லை. சேர்த்தால் கடலை. முதன்முதலில் இதைக் கேட்டபோது, கூட்டத்தில் யாரோ என் தோளில் தட்டிவிட்டு ஒளிந்துகொண்டது போல இருந்தது. அன்றிலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்தது.

டிரைவரை நீதிபதியாக்கியது டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர். பத்திரிகையை வாங்கி வருவதும், அட்டையில் கிளிப் போட்டுப் பின்சீட்டில் மடியில் வைத்திருப்பதும் அவர்தான். நான் சேர்வதற்கு முன்பு ஒருநாள் அவருக்கும் இன்னொருவருக்கும் ஒரு விடையில் சண்டை வந்து, இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்காத குறையாம். கடைசியில், இந்த வண்டியில் குறுக்கெழுத்துப் போடாத ஒரே ஆள் டிரைவர்தான், அவருக்கு யார் புரிய வைக்கிறாரோ அவர் விடை சரி என்று முடிவானதாம். அதன் பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. டிரைவரை வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்திருந்தார்: ஏரிக்கரை வளைவில் யாரும் எதையும் விளக்கக் கூடாது.

நான் முன்பக்கம் பெண்கள் சீட்டில், ஜன்னலோரம். பக்கத்தில் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி நர்ஸ். சிஸ்டர் என்று கூப்பிடுவோம். பின்னாலிருந்து ஒரு குறிப்பைச் சத்தமாகப் படிப்பார்கள். எனக்கு விடை தெரிந்தால் சிஸ்டரின் காதில் சொல்வேன். அவர் அதைப் பஸ் முழுக்கக் கேட்கக் கத்துவார். விளக்கத்தையும் காதில் வாங்கிக்கொண்டு போய் ஒப்பித்துவிடுவார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஏற்பாடு எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வாய் திறந்து பேசுவது என்றால் எனக்கு அவ்வளவு பயம். அந்தப் பயம் வேலையிலும் கை வைத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நிரந்தர இடம் ஒன்று காலியாக, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள். பெயர், ஊர் கேட்டார்கள். சொன்னேன். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை, நடுவில் இருந்தவர் காதருகே கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். ஊரெல்லாம் போனில் பேச வேண்டிய வேலைக்கு வந்தவள் பேசுவது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கே கேட்கவில்லை. யாரையும் தேர்ந்தெடுக்காமல், சில மாதம் கழித்து மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் தற்காலிக வேலையும் அதை ஒட்டியே முடிந்துவிடும். அந்த இடம் கிடைக்காவிட்டால் கருங்குழிக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்பா ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லாமல் வைத்திருந்தார். எனக்கோ இந்த பஸ்ஸும், மாதச் சம்பளமும், வெள்ளிக்கிழமையும் வேண்டியிருந்தன.

இதை சிஸ்டரிடம் மட்டும் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது.

பின்னாலிருந்து டிராயிங் ஆபீஸ்காரர் படித்தார்: ‘பல்லுக்குப் பின்னே ராமனின் பிள்ளை, கல்லைக் கோயிலாக்கினான் (5)’. நான் வழக்கம்போல் காதில் சொன்னேன். சிஸ்டர் எழுந்து, “பல்லவன்” என்றார். விளக்கச் சொன்னார்கள். அவர் அசையாமல் என்னைக் காட்டி, “இவதான் சொன்னா. இத்தன நாளும் இவதான் சொல்லிக்கினு கீறா. இவளே வந்து வெளக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கால்களை ஒதுக்கி எனக்கு வழி விட்டார்.

பின்சீட்டில் கைதட்டல். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எஞ்சின் பெட்டியின் சூடு புடவையோடு காலில் அடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எம்மா, ஒதடு அசையறது கண்ணாடில தெரியுது. சத்தம்தான் வர்ல” என்றார். பிறகு வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினையும் அணைத்துவிட்டார். “இப்ப சொல்லு. நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டி நவுராது.”

பின்னாலிருந்து ஒருவர், லேட்டானால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று முனகினார். டிரைவர் திரும்பாமலே, “அப்ப அந்தப் பொண்ணத் தொந்தரவு பண்ணாத. கம்முனு குந்து” என்றார்.

சொன்னேன். பல் என்று முதலில் எழுதுங்கள். ராமனின் பிள்ளை லவன். பல்லுக்குப் பின்னால் லவனைச் சேர்த்தால் பல்லவன். மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்து கோயிலாக்கியது பல்லவன்தானே.

டிரைவர் உடனே தலையாட்டிவிடவில்லை. “ராமருக்கு ரெண்டு பசங்களாச்சே. இன்னொருத்தன் இன்னா பாவம் பண்ணான்?”

“குசனைப் போட்டால் பல்குசன் என்று வரும்” என்றேன்.

“பல்குசனா? அது இன்னாது, பல்லு வெளக்குற பவுடரா?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு தொண்டை திறந்துகொண்டது போல இருந்தது. ஐந்து கட்டத்தில் பல்குசனும் அடங்குவான், ஆனால் அப்படி ஒருவன் கோயில் எதுவும் கட்டவில்லை, குறிப்பின் இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் விடை என்று, யாரும் கேட்காமலே, சத்தமாகச் சொன்னேன். டிரைவர் கேட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. “புரிஞ்சிதா அண்ணாத்த?” என்று கேட்டேன். “புரிஞ்சிது. பேனால எழுதுங்கப்பா” என்றார்.

அதன் பிறகு சிஸ்டர் தன் காதைக் கொடுக்கவே இல்லை. காதுக்கு நேராக நான் குனிந்தால் கைக்குட்டையை எடுத்து நடுவில் பிடித்துக்கொள்வார். வேறு வழியில்லாமல் நானே கத்தவும் நானே எழுந்து போகவும் பழகினேன். டிரைவர் லேசான ஆள் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி விடமாட்டார். ஒருமுறை ஒரே விடையை நான்கு விதமாகச் சொல்லியும் தலையாட்டாமல், “எனக்குப் பொய்யா ஆட்டத் தெரியாது” என்று என்னை உட்கார வைத்துவிட்டார். அடுத்த வாரம் பத்திரிகையில் என் விடைதான் வந்திருந்தது. அப்போதும் அந்தக் கட்டங்களைப் பேனாவால் எழுத அவர் விடவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவர் என்பதால், நாமாகக் கேட்காமல் அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு விளக்கத்தின் முடிவிலும், “புரிஞ்சிதா அண்ணாத்த?” என்று கேட்பது எனக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது.

இரண்டாவது இன்டர்வியூவும் வந்தது. அதே மூன்று பேர், அதே மேஜை. பெயரும் ஊரும் இந்த முறை அவர்களுக்குக் கேட்டது. எண்களை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். பிறகு நடுவில் இருந்தவர், கண்ணாடி போட்ட பெரியவர், ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று தமிழில் கேட்டார். குறுக்கெழுத்துப் போடுவேன் என்றேன். அது எப்படி, ஒன்று சொல்லேன் பார்க்கலாம் என்றார்.

அந்த வாரத்துக் குறிப்பு நாக்கிலேயே இருந்தது. ‘தண்ணீரின் முதல் துளி கலந்த பால், வீடு தேடி வரும் (3)’. சொன்னேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் மேஜை போய் எஞ்சின் பெட்டி வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் என்ற சொல்லின் முதல் எழுத்து த, அதைத்தான் முதல் துளி என்கிறார்கள், அதைப் பாலோடு கலந்தால் தபால், தபாலும் வீடு தேடித்தானே வருகிறது, பால்காரர் வருகிறார் என்று நம்மை நினைக்க வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று, ஏரிக்கரை தாண்டி நேர் ரோட்டில் போகும்போது பேசுகிற அதே குரலில் விளக்கினேன். முடித்துவிட்டு, அவரை நேராகப் பார்த்து, “புரிஞ்சிதா அண்ணாத்த?” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஓரத்தில் இருந்தவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “புரிஞ்சிதும்மா” என்றார், மெதுவாக. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது. இன்னொரு ஓரத்தில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. என்ன நடந்தது என்று அவர் ஆங்கிலத்தில் கேட்க, பெரியவர் பாலையும் தண்ணீரையும் வைத்து அவருக்கு விளக்க ஆரம்பித்தார். கைகளால் பால் ஊற்றிக் காட்டினார். கொஞ்ச நேரம் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். விளக்கி முடித்ததும் பெரியவர், சரிதானே என்பது போல என் பக்கம் திரும்பினார். நான் டிரைவர் ஆட்டுவது போல ஒரு தரம் தலையாட்டினேன்.

வேலைக்கான உத்தரவு வந்த அன்று பஸ்ஸில் சொன்னேன். இன்டர்வியூவில் நான் ‘புரிஞ்சிதா அண்ணாத்த’ என்று கேட்டதைச் சொன்னபோது டிரைவர் ஹாரனை அழுத்தி, முன்னால் போன மாட்டு வண்டிக்காரரைப் பயமுறுத்திவிட்டார். அந்த அதிகாரி தனக்கு இனிமேல் தம்பி முறை என்றார். எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் வேலை. இனி எனக்கு வேறு பஸ், வேறு நேரம். அதனால் டிரைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தன் மாமனார் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குப்பம். அவர் மாமனார் காலையில் கரைக்குக் கொண்டுவந்த மீன்.

கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். டிரைவரின் மனைவி அரிவாள்மனையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டே, அப்படி என்னதான் இந்தக் குறுக்கெழுத்து, எனக்கும் ஒன்று சொல் என்று என்னிடம் கேட்டார். ‘இதோ வந்தேன் என்றவள் ஒளித்து வைத்திருப்பது இனிக்கும் (2)’ என்று சொல்லி, வந்தேன் என்பதற்குள் தேன் இருப்பதை விளக்கினேன்.

அவர் மீனைத் திருப்பிப் போட்டார். “தேனுதான் வோணும்னா தேனுன்னு கேக்கறது. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சுத்து?”

டிராயிங் ஆபீஸ்காரர் அதில் ஒரு சுகம் இருக்கிறது என்று ஏதோ சொல்லப் பார்த்தார்.

“இன்னா சுகம்? எங்க வூட்டுக்காரும் உங்களோட சேந்து இப்டித்தான் ஆயிட்டாரு. முந்தாநேத்து இங்க வந்து சோத்துல கைய வெச்சிகினு, ‘கடலுக்குப் பக்கத்துலயே குந்திகினு பஞ்சம்’னாரு. எதிர் வூட்டுல ஏதோ கஷ்டம் போலன்னு நானும் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கேட்டுகினு கீறேன். கடசில பாத்தா, கொழம்புல உப்பு இல்லையாம்.”

டிரைவர் எழுந்து, வலையைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டார். சிஸ்டர் சிரித்துப் புரையேறி, முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

பிறகு சாப்பாடு போட்டார்கள். சுடுசோறு, வஞ்சிரக் குழம்பு, வறுத்த நெத்திலி. முதல் வாய் வைத்ததும் டிராயிங் ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார். சிஸ்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கடலைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டிரைவரின் மனைவி கரண்டியோடு நின்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, குழம்புக்குக் கொஞ்சம் உப்பு வேணும்” என்றேன்.

“இதான் பேச்சு” என்று சொல்லிவிட்டு அவர் உப்பு எடுக்க உள்ளே போனார்.