பட்டை உரிந்த பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். கோயிலுக்குக்கூட அம்மாவின் வாய்க்குப் பயந்துதான் போவேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

அண்ணைக்கும் எனக்கும் மான் வேட்டைப் பைத்தியம். முறையாக லைசென்ஸ் எடுத்து, லண்டனின் தெற்கு ஓரத்தில் ஒரு பண்ணைக்காரரின் காட்டுக்கு அனுமதியும் வாங்கி வைத்திருந்தோம். போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, ஆண்மான் எந்த வழியால் நடமாடுகிறது என்று பார்க்கத் தனியாகப் போன அண்ணை திரும்பவில்லை. கார் விட்ட இடத்திலேயே நின்றது. பொலிஸ் நாயோடும் ட்ரோனோடும் ஒன்பது நாள் தேடிவிட்டுக் கையை விரித்துவிட்டது.

அண்ணையின் வீட்டு வாசலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீர்தானே தம்பி தடம் பாக்கத் தெரிஞ்ச ஆள். உயிரோடயோ இல்லையோ, எனக்கு ஒரு முடிவு தெரியவேணும். ஒருக்காப் போய்ப் பாரும்.”

போனேன். நல்ல வெளிச்சமான மத்தியானம். அண்ணை எந்த மானின் தடத்தைப் பிடித்துப் போனாரோ அதையே நானும் பிடித்தால் போதும் என்று நினைத்தேன். அந்தப் பருவத்தில் ஆண்மான் இளமரங்களில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்கும், அது வந்த பக்கம்தான் உரியும், அதை வைத்துப் போன திசையைச் சொல்லிவிடலாம். முதல் மரம் கிடைத்தது. இடுப்புக்குக் கீழே இருக்கவேண்டிய உரசல் என் நெஞ்சளவில் இருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லா மரத்திலும் உள்ளே போன அடையாளம்தான், திரும்பி வந்ததற்கு ஒன்றுகூட இல்லை. போகப் போகத் தடம் புதிதாகிக்கொண்டே வந்தது, ஏழாவது மரத்தில் கைவைத்தால் ஈரம், காற்றே இல்லை, ஆனால் உரிந்த நார் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே முழுக்கச் சேறு, ஒரு குளம்படி இல்லை, ஒரு புழுக்கை இல்லை.

“அண்ணை!” என்று கத்தினேன்.

“ஓம், வாறன்.”

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், பத்தடி தூரத்தில் அண்ணையின் குரல். விழுந்தடித்து ஓடினேன். அங்கே மரமே இல்லை, வெறும் வெளி. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன், பிறகு ஒரு சத்தமும் வரவில்லை.

அண்ணியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா கிடக்கவில்லை.

“பாத்தீரே, வாறன் எண்டெல்லோ சொன்னவர்,” என்று அழுதுகொண்டே சிரித்தார். அன்றிலிருந்து அவர் பின்கதவைப் பூட்டுவதில்லை. நம்முடைய ஆட்கள் வீட்டைவிட்டுப் போகும்போதும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். அதை அவருக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன கிழமை ஒரு நாள் காலை, நான் என் கடையைத் திறக்கிற நேரம் அண்ணி எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, இப்ப அவற்ற குரல் கேட்டது. வாறன் எண்டு வடிவாச் சொன்னவர்.”

“கதவுக்கு வெளியில இருந்தோ அண்ணி?”

“இல்லைத் தம்பி, உள்ளுக்கிருந்து. சப்பாத்துப் போட்டுக்கொண்டு சொல்லுறமாதிரி.”

அவர் சந்தோசமாகத்தான் சொன்னார்.