ஏரிக்கரையில் ரிக்கர் தானியேல்

வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கோரைப்புல்லுக்குள் எட்டிப் பார்க்கிறார் தானியேல். பொத்தாவிட்டால் கத்திவிடுவார்.

"குந்திகினுதான் கீது மேரி!" துண்டையும் மீறி வருகிறது குரல்.

"யோவ், மெதுவா பேசுயா. நீ போடுற சத்தத்துல எளாவூர் செக்போஸ்ட்ல லாரி நின்னுறப் போவுது" என்கிறார் மனைவி.

எத்தனையோ ஊர்களில் பறவை பார்ப்பவர்களோடு நின்றிருக்கிறேன். எல்லாரும் கிசுகிசுப்பவர்கள். தானியேலுக்கு அது வராது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ரிக்கர். பளுவை எங்கே இறக்குவதென்று கீழே நின்று கிரேன் ஓட்டுபவருக்குக் கைகாட்டுகிறவர். ஆலைச் சத்தம் காதில் பாதியைத் தின்றுவிட்டது. பறவைகளின் குரல் கேட்காது, பெயர்களும் தெரியாது. ஆனாலும் நைட் ஷிப்ட் முடிந்ததும் கனத்த பூட்ஸோடு இந்த ஏரிப் பூங்காவுக்கு வந்துவிடுவார். சாம்பல் நாரைக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர்வைசர்'. "சும்மா நின்னுகினே இருக்கும். மீனு மட்டும் கரெக்டா வந்து மாட்டும்."

கோரைக்குள் இருக்கும் முக்குளிப்பானுக்கு மட்டும் பட்டப்பெயர் வைக்கவில்லை. பாசியும் தண்டும் சேர்த்துக் கட்டிய மிதக்கும் கூட்டில் அது அடைகாக்கிறது. படகு அலை பட்டால் கூடு கவிழும். பயந்து தாய் இறங்கினால், கரைமரத்தில் காக்கைகள் தயாராக இருக்கின்றன. இன்றிலிருந்து பெடல் படகு விடுகிறார்கள்.

படகுக்காரர் அன்புவிடம் தானியேல் வந்ததுமே கெஞ்சியிருந்தார். "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அந்தாண்ட போவாத நைனா."

"இன்னாண்ணே, ஏரியில பிரசவ வார்டுன்னு போர்டு மாட்டிடவா?" என்று சிரித்தார் அன்பு.

வெள்ளோட்டம் அன்புவே போனார். படகு நேராகக் கோரையை நோக்கி வந்தது. முக்குளிப்பான் கூட்டை விட்டு இறங்குவதற்காக அவசர அவசரமாக முட்டைகளின் மேல் பாசியை இழுத்து மூடத் தொடங்கியது. தானியேல் வாயைத் திறந்தார். மேரி அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். "கத்துனா அது எறங்கிடும்யா!"

சத்தம் வரவில்லை. தானியேல் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்தார். கிரேனுக்குக் கீழே அதற்கு ஒரே பொருள்: நிறுத்து.

அன்பு முன்பு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கிரேன் ஓட்டியவர். யோசிப்பதற்குள் கால்கள் பெடலில் நின்றுவிட்டன. தானியேலின் விரல் இடப்பக்கம் அசைந்தது. படகு பின்வாங்கி, வளைந்து, விலகிப் போனது. முக்குளிப்பான் கொஞ்ச நேரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, மறுபடி உட்கார்ந்தது.

கரையேறிய அன்பு மேரியிடம் முணுமுணுத்தார். "எனக்குப் புரிஞ்சுது, திரும்பிட்டேன். டிக்கெட் வாங்கினு வர்றவன் திரும்புவானாக்கா?"

மேரி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கணவரிடம் நீட்டினார். துறையிலிருந்து அடுத்த படகு சிரிப்பும் செல்ஃபியுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

வலது கையை அந்தப் படகை நோக்கி நீட்டியபடியே, தானியேல் டீயை இடது கையால் வாங்கிக்கொண்டார்.